புலி முத்திரையும் பொய்த் திரையும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் நம்மிடம் ஒரு கட்டுரை வேண்டினர். சீறாப்புராணத்திலோ சிலப்பதிகாரத்திலோ ஒரு பகுதியை எடுத்து ஆராய்வோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ தொலைக்காட்சிப் பெட்டி. தமிழ்த்துறைக்கும் இதற்கும் யாது தொடர்பு என வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

"ஐயா, 55 அங்குல 4கே பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். வெளிநாட்டுச் சரக்காம். வாங்கலாமா?" நம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் அண்மைக் காலமாக நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா இது. மின்னணுவியல் கற்ற பேராசிரியர் பலர் இவ்வளாகத்தில் இருக்க, தமிழாசிரியரை ஏன் கேட்கின்றனர் என வியக்க வேண்டா. நாம் ஒருமுறை அவ்வாறு வாங்கி ஏமாந்தவர் என்பது ஊரறிந்த செய்தி. பட்டவரைக் கேட்பதே முறை என அவர்கள் கருதுகின்றனர் போலும்.

மாமா கொணர்ந்த பெட்டி

1986ஆம் ஆண்டு. நமக்கு அப்போது ஏழு வயது. சபர் சென்றிருந்த மாமா துபாயிலிருந்து திரும்பியபோது 20 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஒன்றைக் கொணர்ந்தார். சப்பான் நாட்டுப் பெட்டி. எம் கடற்கரை ஊரில் அந்நாளில் இந்தியத் தொலைக்காட்சியைவிட இலங்கையின் ரூபவாகினியே தெளிவாகக் கிடைக்கும். 1982இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் படங்களைக் காண, மொட்டைமாடியில் நெடிய கம்பம் நட்டு, காற்றின் திசைக்கேற்பத் திருப்பிக்கொண்டிருப்பது நம் பணி. தெருவிலுள்ள பெண்டிரும் சிறாரும் எம் வீட்டுக் கூடத்தில் நிறைந்திருப்பர். உம்மா அனைவர்க்கும் தேநீர் கொடுத்து மாளமாட்டார்.

அப்பெட்டி பதினேழு ஆண்டுகள் உழைத்தது. 'ஃபாரின் சாமான் என்றால் ஃபாரின் சாமான்தான்' என்னும் நம்பிக்கை எம் தலைமுறையின் நெஞ்சில் வேரூன்றியதற்கு இத்தகைய பெட்டிகளே காரணம். அந்நம்பிக்கையோடு ஒன்றையும் நாம் கண்டோம். கண்டும் பாடமாகக் கொள்ளவில்லை. விமான நிலையத்தில் சுங்கத் தீர்வை செலுத்திய சீட்டை நான்காக மடித்து, நெகிழி உறையிலிட்டு, மாமா அப்பெட்டியின் அடியிலேயே வைத்திருந்தார். யாரேனும் விலை கேட்டால் பெட்டியின் விலையோடு தீர்வைத் தொகையையும் சேர்த்தே சொல்வார். "கணக்கு இல்லாத பொருள் வீட்டில் எதற்கு, மருமகனே?" என்பது அவர் வழக்கமான சொல்.

பின்னாளில் தட்டைத் திரைகள் வந்தன. சபராளிகள் அவற்றைத் துணிப்பொதி போலச் சுமந்து வந்தனர். 2013 ஆகஸ்டு 26 முதல் பயணிகள் கொணரும் தட்டைத் திரைப் பெட்டிகளுக்குத் தீர்வை விலக்கு இல்லை என்றும் 35 விழுக்காடு தீர்வையும் அதன்மேல் கூடுதல் வரியும் செலுத்த வேண்டும் என்றும் அரசு ஆணையிட்டது. உள்நாட்டிலேயே பெட்டிகள் மலிந்துவிட்ட காலமும் அதுவே. எனினும் 'வெளிநாட்டுச் சரக்கு' என்னும் சொல்லின் மயக்கம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.

அமானிதமாக வந்த பணம்

2022ஆம் ஆண்டு நம் துறையின் முன்னாள் மாணவர் சிலர் ஒன்றுகூடி, துறைக்குப் பெரிய திரை ஒன்று வாங்குமாறு 40,000 ரூபாயை நம்மிடம் ஒப்படைத்தனர். அரபுத்தமிழ் நூல்களை மாணவர்க்குக் காட்டிப் பயிற்றுவிப்பதே நோக்கம். இப்பகுதியின் பழைய வீடுகளில் கல்லச்சில் அடித்த அரபுத்தமிழ் நூல்கள் இன்றும் பரண்களில் உறங்குகின்றன. தாள்கள் தொட்டால் நொறுங்கும். ஆகவே அவற்றைக் கைப்பேசியால் படமெடுத்து, பெருந்திரையில் இட்டு, வகுப்பு முழுதும் சேர்ந்து படிப்பது என்று திட்டமிட்டோம்.

அரபுத்தமிழைப் பற்றி அறியாதார்க்கு ஒரு சொல். தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டியும் இடம் மாற்றியும் புதிய வடிவங்களை ஆக்கினர். ஒரு புள்ளி குறைந்தால் எழுத்து மாறும். எழுத்து மாறினால் சொல் மாறும். எனவே திரை தெளிவாக இருக்க வேண்டியது ஆடம்பரம் அன்று, பாடத்தின் தேவை.

பெயர் பெற்ற நிறுவனங்களின் 55 அங்குல 4கே பெட்டி அப்போது நாம் விசாரித்த கடைகளில் 45,000 ரூபாயை ஒட்டி இருந்தது. சென்னையில் மின்னணுப் பொருள்கள் குவிந்துகிடக்கும் தெருவொன்றில் ஒரு கடையில் 21,500 ரூபாய் என்றனர். "டைரக்ட் இம்போர்ட், பாய். பெரிய கம்பெனி பேனல்தான் உள்ளே. பெயருக்குத்தான் மற்றவர்கள் காசு வாங்குகிறார்கள்" என்றார் கடைக்காரர். அட்டைப்பெட்டியில் 4கே என்னும் எழுத்து பொன்னிறத்தில் மின்னிற்று. முறையான விலைச்சீட்டு வேண்டுமாயின் வரி சேரும் என்றார். 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு அந்நாளில் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காடு. (2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடாகக் குறைந்தது.) நாம் சீட்டு வேண்டா என்றோம். 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுத்தாள் ஒன்றைக் கொடுத்தார். எஞ்சிய பணத்தில் துறைக்கு நூலடுக்கும் வாங்கிவிட்டோம். ஊர் திரும்பும் வழியெல்லாம் எம் திறமையை நாமே மெச்சிக்கொண்டோம்.

மூன்று புள்ளிகள்

திரை நன்றாகவே ஒளிர்ந்தது. திரைப்படப் பாடல்களும் இயற்கைக் காட்சிகளும் கண்ணைப் பறித்தன. ஒரு திங்கள் கழித்து அரபுத்தமிழ்ப் பக்கம் ஒன்றை முழுமையாகத் திரையிலிட்டு, மாணவர் ஒருவரைப் படிக்கச் செய்தோம். ஒரு சொல்லை அவர் பிழையாகப் படித்தார். திருத்தினோம். அடுத்த வரியிலும் அதே பிழை. "புள்ளியைக்கூடப் பார்க்காமல் படிக்கிறாயே, வீட்டில் ஒருநாளும் நூலைத் திறந்ததில்லையா?" என்று வகுப்பறிய அவரைக் கடிந்துகொண்டோம். அவர் தலைகுனிந்து அமர்ந்தார்.

மறுநாள் முதுகலை மாணவி ஒருவர் மூல நூலின் அதே பக்கத்தைக் கையில் ஏந்தித் திரையருகே நின்றார். "ஐயா, தாளில் மூன்று புள்ளிகள் தனித்தனியாக இருக்கின்றன. திரையில் ஒரே கறையாகத் தெரிகிறதே. அவர் பார்த்ததைத்தான் படித்திருக்கிறார்" என்றார். நாம் அருகே சென்று பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. கடிந்துகொண்ட மாணவரை அழைத்து, அதே வகுப்பின்முன் வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்துக்கொண்டே "பரவாயில்லை ஐயா" என்றார். நமக்கு அன்று உணவு இறங்கவில்லை.

இயற்பியல்துறை நண்பர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அளவுகோலுமாக வந்தார். அவர் விளக்கிய கணக்கு எளிது. 4கே எனப்படும் திரையில் கிடைவரிசைக்கு 3840, மேல்கீழாக 2160 என ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் இருத்தல் வேண்டும். ஃபுல் எச்.டி. எனப்படுவதில் 1920க்கு 1080. ஏறத்தாழ 21 இலட்சம். நான்கில் ஒரு பங்கே. 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். ஆகவே உண்மையான 4கே திரையில் ஒரு சென்டிமீட்டருக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் முக்கூட்டு ஏறத்தாழ 32 இருக்க வேண்டும். நாங்கள் எண்ணியபோது 16தான் இருந்தது. கணினியை இணைத்தால் 'எனக்கு 3840 தெரியும்' என்றே அப்பெட்டி விடை கூறிற்று. வாங்கிக்கொள்ளும் படம் 4கே. காட்டும் திரை அதில் நான்கில் ஒன்று. இருபத்தைந்து வரியுள்ள நூற்பக்கத்தை முழுதாக இட்டால், ஒரு வரிக்கு 86 வரிசைப் படப்புள்ளிகள் கிடைக்க வேண்டிய இடத்தில் 43தான் கிடைத்தன. நம் முன்னோரிட்ட மூன்று புள்ளிகள் அங்கேதான் ஒன்றாகிப்போயின.

தொலைபேசியில் கடைக்காரரைக் கேட்டோம். "பெட்டியில் '4கே சப்போர்ட்' என்றுதானே போட்டிருக்கிறது, பாய்? பேனல் 4கே என்று எங்கே போட்டிருக்கிறது?" என்றார். அட்டையை எடுத்துப் பார்த்தோம். பொன்னெழுத்துக்குக் கீழே, எறும்பினும் சிறிதாக, அச்சொல் இருக்கத்தான் செய்தது. சொற்பொருள் ஆராய்ச்சியில் நாள் கழிக்கும் நம்மை ஒரு சொல்லால் வென்றுவிட்டார் அவர்.

ஐந்தாம் திங்களில் திரையின் இடப்பாதி இருண்டது. திறந்து பார்த்த பழுதுநீக்குநர், பின்னொளி தரும் விளக்குப் பட்டிகள் இருக்க வேண்டியதினும் குறைவாக இருப்பதையும், குறைந்த விளக்குகளை மிகுந்த மின்னோட்டத்தில் எரியவிட்டதால் அவை வெம்மையில் கருகியிருப்பதையும் காட்டினார். அவ்வமைப்புக்கு மாற்றுப் பட்டி அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை.

மலிவின் காரணங்கள்

மலிந்த பொருள் எல்லாம் போலி என்று கூறுவது நம் நோக்கம் அன்று. நேர்மையான மலிவும் உண்டு. ஒரு பெட்டியின் விலையில் பெரும்பங்கு அதன் திரைக்கே உரியது. சீனாவின் ஹெஃபெய் போன்ற நகரங்களில் எழுந்துள்ள ஆலைகள் 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகட்டை ஒரே முறையில் பதப்படுத்துகின்றன. அத்தகைய ஒரு தகட்டிலிருந்து 65 அங்குலத் திரைகள் எட்டு வெட்டலாம். உற்பத்தி பெருகவே விலை வீழ்ந்தது. விளம்பரம் செய்யாமல், கடை வாடகையின்றி, இணையவழி விற்போரும் விலையைக் குறைக்க இயலும். இவற்றால் வரும் மலிவை ஐயுற வேண்டியதில்லை.

இவற்றுக்கும் அப்பால் விலை சரியுமாயின், எங்கோ ஒன்று குறைந்திருக்க வேண்டும். திரை தரத்தில் ஒதுக்கப்பட்டதாயிருக்கலாம், விளக்குப் பட்டி குறைந்திருக்கலாம், பழுதுநீக்கும் ஏற்பாடு இல்லாதிருக்கலாம், வரி கட்டப்படாதிருக்கலாம். வேறொரு வழியில் வருவாய் தேடப்படுவதும் உண்டு. 2017இல் அமெரிக்காவில் விசியோ என்னும் நிறுவனம், வீடுகளில் எவர் எதைப் பார்க்கின்றனர் என்னும் செய்தியை அவர்தம் இசைவின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கை 22 இலட்சம் டாலர் செலுத்தி முடித்துக்கொண்டது. 2025 சூனில் அந்நாட்டுப் புலனாய்வுத்துறை, விலை குறைந்த சில இணையத் தொலைக்காட்சிக் கருவிகளில் தீய நிரல்கள் கலந்திருப்பதாக மக்களை எச்சரித்தது. வீட்டுக் கூடத்தில் நாம் வைத்த பெட்டி நம்மையே நோக்கியிருக்கும் நிலை இது.

'டைரக்ட் இம்போர்ட்' என்னும் சொல்லையும் ஆராய்தல் நன்று. 2020 சூலை 30 அன்று வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் பெற்றே கொணர வேண்டும் என்றாயிற்று. திரைப்பலகையை வரவழைத்து இங்கே பூட்டி விற்பது வேறு; முழுப்பெட்டியும் கடல்கடந்து வந்தது என்பது வேறு. 2022இல் நம்மிடம் அச்சொல்லைக் கூறியவரிடம் உரிமம் எங்கே என நாம் கேட்கவில்லை.

இவ்விடத்தில் பட்டினப்பாலையை நினையாதிருக்க இயலவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடல்வழி வந்திறங்கும் பொருள்களையும் ஏற்றிச்செல்லும் பொருள்களையும் சுங்க அலுவலர் அளந்து, சோழர்தம் புலி முத்திரை பொறித்து வைத்த காட்சி அதில் உண்டு. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தோரையும் அந்நூல் போற்றுகிறது. இறக்குமதிப் பொருளும், அரசு முத்திரையும், நேர்மையான அளவும் ஒன்றாகப் பேசப்படும் இடம் அது. இன்றைய புலி முத்திரை யாதெனில், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண். பெட்டியின் பின்புறச் சீட்டில் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தைத் தொடர்ந்து எட்டிலக்க எண்ணாக அது இருக்கும். அவ்வமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். நம் பெட்டியின் பின்புறம் அது இல்லை. வாங்கும்போது நாம் திருப்பிப் பார்க்கவும் இல்லை.

ஹாஜியார் கேட்ட கேள்வி

பணம் தந்தோரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர்களுள் மூத்தவரான ஹாஜியாரின் வீட்டுக்கு ஒரு மாலை சென்றோம். கடைக்காரரின் வஞ்சகத்தை விரித்துரைத்தோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் காணுமாறு அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியையும் எடுத்துக்கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரி, தம்பி. சீட்டு வேண்டாம் என்று சொன்னது யார்?"

நாம் விடை கூறவில்லை. கூற இயலவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நம் போன்றோர்க்காகவே உள்ளது. 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமின்றி வழக்கிடலாம். ஆயின் 'எஸ்டிமேட்' என்னும் துண்டுத்தாளை வைத்துக்கொண்டு எவ்வாறு வாதாடுவது? அதற்கும் மேலாக, வரியை ஏய்க்க இசைந்த கை நம்முடையது. விலையே நமக்கு உண்மையைச் சொல்லியிருந்தது. குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க நமக்கு நேரம் இருந்தது; ஈரம் தட்டுப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் விடவில்லை. கடைக்காரர் மறைத்தார். நாம் காண மறுத்தோம். நம் சொந்தப் பணமாயின் அது பேதைமை மட்டுமே. அமானிதப் பணத்தில் அது பிழை.

"பணத்தை நான் மன்னித்துவிடுகிறேன்" என்றார் ஹாஜியார். நாம் ஏற்கவில்லை. ஊதியத்திலிருந்து பத்துத் தவணையில் 21,500 ரூபாயைத் துறைக் கணக்கில் திரும்பச் செலுத்தினோம். வீட்டில் நம் துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வாண்டுப் பெருநாளில் தமக்குப் புத்தாடை வேண்டா என்று மட்டும் சொன்னார்.

வாங்கலாமா?

இனி, வினாவுக்கு விடை. வாங்கலாம்; சிலவற்றைப் பார்த்தபின் வாங்கலாம். 'சப்போர்ட்' என்னும் சொல் இருப்பின் ஐயுறுக; திரையின் சொந்தப் பிரிதிறன் 3840க்கு 2160 என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. கடையிலேயே உருப்பெருக்கியால் எண்ணிப் பார்க்க வெட்கப்பட வேண்டா. பதிவெண்ணைச் சரிபார்க்க. பழுதுநீக்கும் நிலையம் நம் மாவட்டத்தில் உண்டா எனக் கேட்க. வரியுடன் கூடிய விலைச்சீட்டைப் பெறாமல் பணம் தரற்க.

இன்னொன்றும் உண்டு. எல்லார்க்கும் 4கே தேவையில்லை. இயற்பியல் நண்பரின் கணக்குப்படி, 55 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் படப்புள்ளி ஏறத்தாழ 0.63 மில்லிமீட்டர், இரண்டேகால் மீட்டருக்கு அப்பால் அமர்ந்தால் நல்ல கண்ணும் அப்புள்ளிகளைப் பிரித்தறியாது. செய்தியும் நாடகமும் தொலைவிலிருந்து பார்ப்போர், பொய்யான 4கேயை வாங்குவதினும் அதே விலையில் மெய்யான ஃபுல் எச்.டி.யையோ, அளவிற் சிறிய மெய்யான 4கேயையோ வாங்குவது அறிவுடைமை.

நாமும் அவ்வாறே செய்தோம். துறையில் இப்போது இருப்பது 43 அங்குலப் பெட்டி. பெரிதன்று. மாணவர் நாற்காலிகளை முன்னிழுத்துக்கொண்டு அரைவட்டமாக அமர்கின்றனர். திரையருகே நூலேந்தி நின்ற அம்மாணவி இன்று முனைவர்ப் பட்டத்திற்கு அரபுத்தமிழையே ஆய்கிறார். அன்று நம் கடுஞ்சொல்லைக் கேட்ட மாணவர் பள்ளியாசிரியராகிவிட்டார்.

புதிய பெட்டி வந்த வாரம் ஊருக்குச் சென்றிருந்தோம். மாமா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பெட்டி 2003இலேயே பழைய இரும்புக்குப் போய்விட்டது. உம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். உம்மா எழுந்து சென்று, தம் பெட்டகத்தைத் திறந்து, நெகிழி உறையில் நான்காக மடித்த அச்சுங்கச் சீட்டை எடுத்து வந்தார். மை மங்கியிருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தது. முத்திரை மட்டும் தெரிந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்து, நம் துறைப் பெட்டியின் விலைச்சீட்டோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம். பெட்டி வாங்கலாமா எனக் கேட்டு வருவோர்க்கு முதலில் அவ்வுறையைத்தான் எடுத்துக் காட்டுகிறோம்.